பேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

— எம்மா நேரம் குந்திகினு பாத்தாலும் அது நிக்காது சார். ரம்ஜான் பொறை பாத்த அன்னிக்கு சுத்த ஆரமிச்சுது. தோ, இன்னும் சுத்திகினே கீது.

— நிக்கும் கமாலுதீன் பாய். நிக்காத சக்கரம்னு இந்த லோகத்துல ஒண்ணு கிடையாது. முப்பத்தொரு வருஷம் இஞ்சினீரிங் காலேஜ்ல இதைத்தான் கத்திண்டிருந்தேன். மாத்தூர் முதலியார் என்னை அனுப்பிச்சதே இதைப் பார்த்துச் சொல்லத்தான்.

— முதலியாரு நேர்லயே வந்து பாத்தாரு சார். வாயப் பொளந்துகினு நின்னாரு. 'கமாலு, இத்த என் ரைஸ் மில்லுல வெச்சிட்டா கரியும் வாணாம், கரண்டும் வாணாம், நீதான் மில்லுக்கு போர்மேனு'ன்னாரு. அப்பால கார்ல ஏறசொல்ல இன்னா தோணுச்சோ, 'எதுக்கும் சங்கரநாராயணன் சார் ஒரு பார்வ பாத்து எய்திக் குடுக்கட்டும்'னுட்டாரு.

— அந்தப் பார்வையைத்தான் பார்த்துண்டிருக்கேன். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தலாமா?

— சாபிரா! கட்டில நவுத்தணுமாம்!

— காலையிலேந்து மூணாவது வாட்டி நவுத்தறேன். அரிசிப் பானையில கைய வுட்டுப் பாத்தாச்சு. கூரையில நாலு ஓடு பிரிச்சிப் பாத்தாச்சு. ஐயரே, அப்டி இன்னாதான் தேடறீங்க? சொன்னா நானும் கூட சேந்து தேடுவேன்ல?

— கயிறு அம்மா. இல்லேன்னா ஒரு வாரு. எங்கேயாவது யாராவது இழுத்துண்டிருக்கணும். இந்த மாதிரி தானா சுத்தற மிஷின் இதுக்கு முன்னாடி பதினேழு பார்த்தாச்சு. காஞ்சீபுரத்துல ஒருத்தன் தரைக்கு அடியில அறை தோண்டி, உள்ளே ஒரு எருமையைக் கட்டிச் சுத்த விட்டிருந்தான். அது கத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

— எங்கூட்ல எருமைன்னா ஒண்ணே ஒண்ணுதான் கீது ஐயரே. அது உங்க எதுக்கதான் குந்திகினு கீது.

— கேட்டீங்களா சார் பேச்ச? பேகம் வந்ததுலேந்து இவளுக்குப் பொறாம.

— யாரு பேகம்?

— சக்கரம் சார். அதுக்குப் பேரு பேகம்.

— நா கட்டிகினு வந்து இருவத்திரெண்டு வருசம் ஆவுது. ஒரு நா என்னை பேகம்னு கூப்ட்டதில்ல இந்த மனுசன். பழைய இரும்புக்கு பேகமாம், நா மட்டும் 'ஏ, இந்தா'வாம்.

— சரி சரி. பாய், நான் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுங்கோ. சக்கரத்துக்குப் பதினாறு கை. ஒவ்வொரு கையிலயும் ஒரு டப்பா, டப்பாக்குள்ளே இரும்பு குண்டு. வலது பக்கம் வரச்சே குண்டு வெளிப்பக்கம் உருளும், இடது பக்கம் போகச்சே உள்பக்கம் உருளும். அதனால வலது பக்கம் எப்பவும் கனம் ஜாஸ்தி, சக்கரம் எப்பவும் சுத்தும். இதானே உம்ம கணக்கு?

— கரீக்டு சார்! நீங்க ஒருத்தர்தான் பாத்த ஒடனே புரிஞ்சிகினீங்க!

— எண்ணூறு வருஷமா இதையே பண்ணிப் பார்த்துண்டிருக்கா ஓய். வெளியில போற குண்டுக்கு இழுப்பு ஜாஸ்தின்னாலும் எண்ணிக்கை கம்மி. உள்ளே இருக்கற குண்டு எண்ணிக்கை ஜாஸ்தி. ரெண்டும் சமம். அரை சுத்து சுத்தும், ஆடும், நின்னுடும். விதி. விதின்னா விதி.

— ஆனா இது நிக்கலியே சார்.

— அதான் எனக்கும் எரிச்சலா இருக்கு. இது என்ன வேலை செய்யறது? மாவு அரைக்குமா? ஜலம் இறைக்குமா?

— வேலயா? ஒரு வேல செய்யாது ஐயரே. அடுப்பு ஊதறதுக்கு ஒரு விசிறியக் கட்டி வுடுய்யான்னேன். கட்னாரு. கட்ன ஒடனே நின்னுபோச்சு. விசிறிய அவுத்தப்பறம்தான் மறுபடி சுத்துச்சு. மண்ணெண்ணெ க்யூவுல நிக்கறவ இன்னமும் நாந்தான்.

— பேகத்துக்கு வூட்டு வேல சொன்னா கோவம் வந்துரும் சார். அது வெளி வேல பாக்குது.

— வெளி வேலையா? எந்த வெளி?

— அத்த வுடுங்க. அப்பால சொல்றேன்.

— இப்போ சொல்லுங்கோ.

— வுடுங்க சார். சொன்னா பேஜாரு. பெரிய மனுசங்க விசயம்.

— ஆகட்டும். ராப்பகலா நிக்காம சுத்தறதுன்னு முதலியார் சொன்னாரே, அது வாஸ்தவமா?

— ஆமா சார். நிக்கறதேயில்ல. ஞாயித்துக்கெயம தவிர.

— என்னது?

— ஞாயித்துக்கெயம லீவு சார் அதுக்கு.

— சக்கரத்துக்கு லீவா?

— நா இன்னா சார் பண்றது? அந்த வட்டு கீதே, அத்த மூர் மார்க்கெட்டுல பழைய சாமான் கடையில வாங்குனேன். ஒரு பாதிரியாரு வச்சிருந்த குதுர வண்டியோட சக்கரம். அம்மாம் வருசம் ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம கோயில் வாசல்ல நின்னு பயக்கம். பேருதான் பேகம், பொறப்பு கிறிஸ்தவ பொறப்பு.

— இதை என்னண்ட, ஒரு மெக்கானிக்ஸ் வாத்தியார்கிட்ட சொல்றேள்.

— வெள்ளிக்கெயம நில்லுன்னு நானும் எவ்ளவோ சொல்லிப் பாத்தேன் சார். நா குளிச்சிட்டு ஜும்மாவுக்கு போறேன், இது மட்டும் கடகடன்னு சுத்திகினே கீது. கேக்கல. யார் யார் வயக்கம் யார் யாருக்கோ, போவட்டும்னு வுட்டுட்டேன்.

— வேற எப்போ நிக்கும்?

— மத்தியானம் பன்னெண்டுலேந்து ஒண்ணு வரைக்கும். துன்ற நேரம்.

— துன்ற... சக்கரம் என்ன சாப்பிடும்?

— துன்னாது சார். ஆனா எல்லாரும் துன்ற நேரத்துல அது ஒண்டி எப்டி வேல செய்யும்?

— சொல்லுங்க சொல்லுங்க, அதையும் சொல்லுங்க. போன மாசம் மூணு நா சுத்தல ஐயரே. அதுக்கு வகுத்து வலின்னு மசூதியில போயி ஓதி கயிறு வாங்கியாந்து கட்னாரு. தோ பாருங்க, அச்சுல கறுப்பு கயிறு.

— மூணு நாளா? எந்த மூணு நாள்?

— ஸ்ட்ரைக்கு நடந்துச்சே, அந்த மூணு நா.

— எங்கே ஸ்ட்ரைக்கு?

— பின்னால கம்பெனியில.

— ... அம்மா. இந்தச் சுவத்துக்குப் பின்னாலே என்ன இருக்கு?

— கம்பெனிதான். போல்ட்டு, நட்டு, ரயிலு தண்டவாளத்துக்கு ஆணி, எல்லாம் அடிக்கிற கம்பெனி. இந்தத் தெருவுல இந்தப் பக்கத்து வூடுங்க பூரா அந்த செவுத்து மேலதான் சாஞ்சிகினு கீது. ராவும் பகலும் சுத்தியலு தொம்மு தொம்முன்னு. புதுசா வந்தவங்களுக்குத்தான் கேக்கும். எங்களுக்குக் கேக்காது.

— எனக்குக் கேட்டுது. இந்த ராயபுரமே இப்படித்தான் அதிரும்போல இருக்குன்னு நினைச்சுண்டேன். மடையன்! பாய், அச்சைத் தாங்கற இந்த இரும்புக் கையை எங்கே அடிச்சிருக்கேள்?

— செவுத்துல சார். அந்த செவுருதான் கெட்டி. மத்ததெல்லாம் மண்ணு.

— இந்தப் பல்லு எதுக்கு?

— பின்னால சுத்திறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் ராட்செட்டு வெச்சேன். முன்னால போவலாம், பின்னால வர முடியாது.

— பேஷ்! பேஷ்! உள்ளங்கையை இப்படி சுவத்துல வெச்சுப் பாருங்கோ. அம்மா, நீங்களும் வெச்சுப் பாருங்கோ. துடிக்கறதா? அந்தப் பக்கம் சுத்தியல் விழறது, சுவர் அதிர்றது, இரும்புக் கை அதிர்றது, சக்கரம் ஒரு மயிரிழை முன்னே போறது. திரும்பி வரலாம்னா பல்லு விடாது. அடுத்த அடி, அடுத்த மயிரிழை. குண்டாவது, டப்பாவாவது! கம்பெனிக்காரன் கரியைப் போட்டு எரிக்கறான், அதுல ஒரு சிட்டிகை உம்ம ஆத்துக்குள்ளே கசியறது. ஓசி, பாய், சுத்த ஓசி. தானா ஒண்ணும் சுத்தலை.

— நா ஆறு மாசமா இத்தான் சொல்லிகினு கீறேன் ஐயரே. நீங்க காலேஜ்ல பட்ச்சி சொல்றீங்க, நா அம்மியில அரைச்சிகினே சொன்னேன். சுத்தியல் வியுந்தா அம்மிக் கொயவியும்தான் நவுருது.

— சாபிரா, நீ சும்மா இரு. சார், நீங்க பெரிய பட்ச்சவரு. ஆனா நீங்க தலகீயா பாக்கறீங்க.

— நானா தலைகீழா?

— இன்னும் கொஞ்ச நேரத்துல கம்பெனியில பன்னெண்டு மணி சங்கு ஊதுவாங்க. கண்ணால பாருங்க. அப்பால பேசலாம்.

— பேஷா. கடியாரத்தைக் கையில வெச்சுக்கறேன்... ஊதறான். சக்கரம்... மெள்ளப் போறது... இன்னும் மெள்ள... நின்னுடுத்து! பார்த்தேளா? கம்பெனி நின்னுது, சக்கரம் நின்னுது. போதுமா ருசு?

— நானும் பாத்தேன் சார். சக்கரம் நின்னுச்சு, கம்பெனி நின்னுச்சு.

— அதைத்தானே நானும் சொல்றேன்.

— இல்ல சார். நீங்க கம்பெனிய முன்னால வெச்சி சொல்றீங்க. நா சக்கரத்த முன்னால வெச்சி சொல்றேன். ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு, ஒண்ணா சுத்துது. எது எத்த இஸ்துகினு போவுதுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?

— ஓய்... ஓய், நீர் என்ன சொல்ல வரீர்?

— வெளி வேலன்னேன்ல? அதான் சார் இது. கம்பெனிய ஓட்றது பேகம்.

— சிவ சிவா.

— அங்க ஒரு பெரிய இஞ்சின் கீது சார். நா பத்தொம்போது வருசம் எண்ண வுட்ட இஞ்சினு. சண்ட நேரத்துல கப்பலுக்கு போல்ட்டு போல்ட்டுன்னு ஞாயித்துக்கெயமகூட வுடாம ஓடுச்சு. சண்ட முடிஞ்சுது, ஆர்டரு முடிஞ்சுது, நாப்பது பேரை அனுப்ச்சிட்டாங்க, அதுல நா ஒருத்தன். நா வெளிய வந்தப்பறம் அந்த இஞ்சின் ஒயுங்கா ஓடுனதேயில்ல. நா இங்கேந்து காதால கேட்டுகினுதான இருந்தேன்? இருமும், விக்கும், நின்னுபூடும். பேகம் சுத்த ஆரமிச்சுது பாருங்க, அன்னிலேந்து சோக்கா ஓடுது. ஸ்ட்ரைக்கு மூணு நாள தவிர நின்னுச்சான்னு யாரையாவது கேட்டுப் பாருங்க.

— புது ஃபிட்டர் யாராவது வந்திருப்பான், சரி பண்ணியிருப்பான்!

— புது ஃபிட்டரு இன்னா கிழிப்பான்? சின்னப் பையன், அவனுக்கு எண்ணயே எங்க வுடறதுன்னு தெரியாது. உள்ள நாநூறு பேரு சார். நாநூறு வூட்ல அடுப்பு எரியுது. கம்பெனி என்னை வாணாம்னுச்சு. நானும் வாணாம்னு வுட்டுட்டா அவங்க கதி இன்னா ஆவறது? அதான் சத்தம் போடாம சுத்திகினு கீறோம், நானும் பேகமும்.

— அப்படின்னா இதை முதலியாருக்கு எப்படிக் கொடுப்பேள்? மாத்தூருக்கு எடுத்துண்டு போனா இங்கே கம்பெனி நின்னுடாதா, உம்ம கணக்குப்படி?

— அதான் சார் நாலு நாளா தூக்கம் இல்ல. போர்மேன் வேல ஒரு பக்கம், நாநூறு பேரு ஒரு பக்கம். நீங்க நல்லா கீதுன்னு எய்திட்டாலும் பேஜாரு, நல்லா இல்லன்னு எய்திட்டாலும் பேஜாரு... நா போயி தொயுதுட்டு வந்துடறேன். சாபிரா, சாருக்கு எதுனா குடு.

— எனக்கு ஒண்ணும் வேண்டாம். தயிர் சாதம் கொண்டுவந்திருக்கேன். ஜலம்கூட கூஜாவுல இருக்கு.

— போய்ட்டாரு. துன்னுங்க ஐயரே, கூச்சப்படாதீங்க. நா இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— அதெல்லாம் பரவாயில்லை அம்மா. உங்க ஆத்துக்காரர் ரொம்ப நல்ல மனுஷர். ஆனா எங்கேயோ ஒரு ஆணி கழண்டிருக்கு.

— அது கயண்டு மூணு வருசம் ஆவுது. வேல போன அன்னிக்கு வூட்டுக்கு வந்தாரு. சட்டயக் கயட்டல. நாற்காலிய இஸ்து அந்த செவுத்தப் பாத்துப் போட்டுகினு குந்துனாரு. ஒரு வருசம் ஐயரே. ஒரு வருசம் செவுத்தையே பாத்துகினு இருந்தாரு. நா புட்டு அவிச்சி வித்து ஓட்னேன். சோறு வெச்சா துன்னுவாரு, வெக்கலன்னா கேக்க மாட்டாரு. நடுவுல எப்பனா, 'அந்த பெல்ட்டு தேஞ்சிபோச்சு, மாத்தல பாரு'ன்னு செவுத்தண்ட சொல்லுவாரு. என்கிட்ட இல்ல, செவுத்தண்ட.

— அடடா.

— அப்பால ஒரு நா எய்ந்து போயி இந்த சக்கரத்த தலையில வெச்சி தூக்கிகினு வந்தாரு. ஒன்றர வருசம் அத்தோடயே மல்லுக்கட்னாரு. எனக்கு எரிச்சலுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது சுத்துன அன்னிக்கு இந்த மனுசன் சிரிச்சாரு ஐயரே. 'உப்பு கொஞ்சம் தூக்கலா கீது சாபிரா'ன்னு கொழம்பக் கொற சொன்னாரு. நா அடுப்படியில போயி அயுதேன். அம்மாம் நாளா உப்பு கொறவா ஜாஸ்தியான்னே தெரியாம துன்னுகினு இருந்த மனுசன்.

— புரியறது.

— புரிஞ்சா சரி. இத்த பொய்யின்னு நீங்க நிரூபிச்சிட்டுப் போய்டுவீங்க. ட்ராம் ஏறி மயிலாப்பூரு போய்டுவீங்க. நாற்காலிய மறுபடி செவுத்தப் பாத்துப் போட்டா அவரண்ட இருக்கப்போறவ நானு. ஒரு சக்கரம் ஒரு ஓரமா சுத்தறதுல உங்க விதிக்கு இன்னா கொறஞ்சி பூடும்?

— அம்மா, நான் ஒரு கதை சொல்றேன். கதையில்லை, நடந்தது. இருபது வருஷம் முன்னாடி, பொள்ளாச்சிப் பக்கத்து மனுஷர் ஒருத்தர் காலேஜுக்கு வந்தார். வெள்ளை வேஷ்டி, கையில பெரிய காகிதச் சுருள். கிணத்துலேந்து தானே ஜலம் இறைச்சுக்கற மிஷின் படம். ஓடாதுன்னு பார்த்த உடனே எனக்குத் தெரியும். ஆனா அவர் முகத்தைப் பார்த்தேன். 'நன்னா யோசிச்சிருக்கேள், முயற்சி பண்ணிப் பாருங்கோ'ன்னுட்டேன். சொல்ல ஒரு நிமிஷம் ஆகலை. க்ளாஸுக்கு நாழியாயிடுத்து, போயிட்டேன்.

— அப்பால?

— நிலத்தை வித்தார். தென்னந்தோப்பை வித்தார். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தார். கோபமா வந்திருந்தாக்கூட தேவலை. சிரிச்சுண்டே வந்து கையைக் கூப்பி, 'சார், நீங்க சொன்னபடியே முயற்சி பண்ணிண்டிருக்கேன். இன்னும் எத்தனை நாள் ஆகும்?'னு கேட்டார். வேஷ்டி பழுப்பாயிருந்தது. நான் அன்னிக்கும் சொல்லலை அம்மா. வாய் வரலை. அன்னிலேந்து எங்கே சக்கரம் தானா சுத்தறதுன்னு கேள்விப்பட்டாலும் போயிடுவேன். பதினேழு பேருக்கு சொல்லிட்டேன். பதினேழு பேரும் என்னை சபிச்சா. சபிக்கட்டும். தோப்பு மிஞ்சித்தோல்லியோ?

— ... அதுவும் நெசந்தான். எங்களுக்குத்தான் தோப்பு இல்ல.

— முதலியாருக்கு இருக்கே. மில்லை நிறுத்திட்டு இதை நம்பி உட்காந்தார்னா அங்கேயும் வேலை செய்யறவா இருக்கா. பாய்க்கு மாத்தூர்ல இது சுத்தாதுன்னு மாத்தூர் போனப்புறம் தெரியறதைவிட இங்கேயே, உங்க கண்ணெதிர்லயே தெரியட்டும். நீங்க பக்கத்துல இருப்பேள்.

— தோ வராரு. ஒரு மணி சங்கும் ஊதிட்டான். பாருங்க, செவுரு எய்ந்துகிச்சு.

— பாய், வாங்கோ. சக்கரம் சுத்த ஆரம்பிச்சாச்சு. ஒரே ஒரு பரீட்சை. நீங்க சொல்றது நிஜம்னா, சக்கரத்தைக் கையால நிறுத்தினா கம்பெனி நிக்கணும். நான் சொல்றது நிஜம்னா கம்பெனி பாட்டுக்கு அடிச்சுண்டிருக்கும். பத்து எண்றதுக்குள்ளே தெரிஞ்சுடும். பிடியுங்கோ.

— வாணாம் சார்.

— ஏன்?

— நாநூறு பேரு சார். இப்பத்தான் துன்னுட்டு வந்து மெஷின்ல நின்னிருக்கான். அவன் பொயப்புல மண்ண போட சொல்றீங்களா?

— பத்து எண்ணிக்கைதான் ஓய். அவா என்ன, கொஞ்சம் ஓய்வெடுத்துண்டா போறது.

— ஆறு மாசம் சார். ஒரு நா நா கைய வெச்சி நிறுத்துனதில்ல. தூசி தட்னாகூட சுத்தசொல்லத்தான் தட்டுவேன்.

— நீர் தொட வேண்டாம், நான் தொடறேன். பாவமோ புண்ணியமோ என் தலையில. கம்பெனி நிக்கலைன்னா நீர் ஒத்துக்கணும். கழட்டிப் பரண்ல போட்டுட்டு, முதலியார்கிட்ட சக்கரத்துக்காக இல்லாம, ஃபிட்டரா வேலைக்குக் கேக்கணும். நானே எழுதித் தரேன், இவ்வளவு கைநேர்த்தியா ராட்செட் செஞ்சவனை நான் பார்த்ததில்லைன்னு. என்ன சொல்றேள்?

— சாபிரா...

— நா இன்னா சொல்றது? அவரு ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல. புடிக்கட்டும் வுடுங்க. நா உங்க பக்கத்துலயே நிக்கறேன்.

— ... பிஸ்மில்லா. புடிங்க சார். பேகம், கோச்சிக்காத.

— பிடிச்சாச்சு. ரெண்டு கையாலயும். பாருங்கோ, சுவர் அதிர்றது, சுத்தியல் விழறது. எண்றேன். ஒண்ணு. ரெண்டு. கேக்கறதா பாய், அடிச்சுண்டுதான் இருக்கான். மூணு. நாலு. நான் சொன்னேனோல்லியோ? அஞ்சு. ஆறு. ஏ...

— ஐயரே. சத்தம் காணோம்.

— எனக்கும் கேக்கலை.

— சுத்தியல் சத்தமும் இல்ல, பெல்ட்டு சத்தமும் இல்ல. இந்த சக்கரம் சுத்துனதுலேந்து வேல நேரத்துல இப்டி ஒரு அமைதி கேட்டதில்ல. காக்கா கத்தறது கேக்குது.

— தற்செயல்! சுத்த தற்செயல். எதோ ஒரு வாரு அறுந்திருக்கும். இருங்கோ, எட்டு. ஒம்போது. பத்து. இல்லை, மறுபடி முதல்லேந்து எண்றேன்.

— வுட்டுடுங்க சார்! நாந்தான் தலப்பாடா அட்ச்சிகினேனே! வுடுங்க!

— இருங்கோ பாய், ஒரு நிமிஷம். என்னை யோசிக்க விடுங்கோ.

— யாரோ கதவத் தட்றாங்க. நா பாக்கறேன்... இந்தாங்க! கம்பெனி வாட்ச்மேன் ஜெயவேலு வந்துகீறான். மூச்சு வாங்குது அவனுக்கு. பெரிய இஞ்சின் நின்னுபோச்சாம்!

— பாத்தீங்களா சார்?

— புது ஃபிட்டருக்கு ஒண்ணும் புரியலயாம். மேனேஜரு, 'அந்த கமாலுதீன் எங்க கீறான், கையோட இட்டுகினு வா'ன்னாராம். இன்னிலேந்து பழைய வேலயே எடுத்துக்க சொல்லுன்னாராம். ஏங்க, காதுல வியுதா? பழைய வேலயாம்!

— யாரு, என்னையா?

— ஊருல வேற எந்த கமாலுதீன் இஞ்சினுக்கு எண்ண வுட்டான்? போங்க. சட்டய மாட்டுங்க. அந்தக் காக்கி சட்ட, மாடத்துல மடிச்சி வெச்சிகீறேன்.

— சாபிரா, என் ஸ்பேனரு...

— தோ, பெட்டி. எல்லாம் உள்ளயே கீது. வெறுங்காலோட போவாதீங்க, செருப்பு!

— சார், நா வரேன் சார். அவங்க கூப்ட்டாங்க சார். வரேன். ஜெயவேலு, நட நட, இன்னா சத்தம் போட்டு நின்னுச்சு? விக்கிச்சா, இருமுச்சா? சொல்லிகினே வா...

— ஓட்றாரு பாருங்க. கல்யாணத்துக்குக்கூட இந்த மனுசன் இப்டி ஓடி வரல. ஐயரே, நீங்க அயுவுறீங்களா?

— இல்லையே. வேர்வை.

— சரி, வேர்வதான். எனக்கும் வேர்க்குது. இருங்க, டீ போடறேன். எங்க கையால குடிக்க மாட்டீங்களே?

— போடுங்கோ அம்மா. சக்கரை தூக்கலா.

— தோ... இந்தாங்க. டம்ளரப் புடிங்க.

— கை ரெண்டும் இதுல மாட்டிண்டிருக்கே. கொஞ்சம்... வாயில ஊத்திடறேளா?

— அல்லாவே! அப்ப கூஜா தண்ணி, இப்ப கொயந்த மாதிரி வாயப் பொளக்கறீங்க. மெதுவா, சூடு. ஆவட்டும், அரை மணிக்கு மேல ஆச்சு. இன்னும் ஏன் அத்தப் புடிச்சிகினு கீறீங்க?

— சும்மாதான்.

— செவுரு ஆடுனாத்தான் சக்கரம் ஆடும்னு நீங்கதான சொன்னீங்க?

— ஆமாம். அதுல சந்தேகமே இல்லை. இஞ்சின் எதோ ஒரு பழுதுல நின்னிருக்கு. நான் இதைப் பிடிச்சதுக்கும் அதுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது.

— அப்ப, நீங்க வுட்டா இன்னா ஆவும்?

— ஒண்ணும் ஆகாது. சக்கரம் அப்படியே நிக்கும். விதி.

— அப்ப வுட்டுடுங்க.

— விடறேன்.

— ஒரு விரலக்கூட எடுக்கலியே ஐயரே. வுடுங்க.

— விடறேன் அம்மா. பாய் திரும்பி வரட்டும், விட்டுடறேன்.

— முப்பத்தொரு வருசம் பாடம் சொல்லிக் குடுத்தவரு நீங்க. இது சும்மா பழைய வண்டிச் சக்கரம். மெய்யாலுமே இன்னாத்துக்குத்தான் பயப்படறீங்க?

— அங்கே இப்போ உங்க ஆத்துக்காரர் இஞ்சினுக்குள்ளே கையை விட்டுண்டிருப்பாரே, அம்மா.